க்வாய் பாலத்தில் நம் ஆட்கள் எங்கே?

திருவாரூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் திரைப்பட மன்றம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "'1917' படத்தில் ஒரு சீக்கியச் சிப்பாய் வந்ததைத் திணிப்பு என்கிறார்கள். 'டன்கிர்க்' படத்தில் இந்தியர் யாரும் வராததை மறைப்பு என்கிறார்கள். வரலாற்றுப்படி எது சரி? போர்ப்படத்தில் எந்த இனத்தவர் எத்தனை பேர் வர வேண்டும் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா? எங்கள் மன்றத்தில் என்ன படம் போடலாம்?"

தம்பி, கணக்கு உண்டு. விழுக்காட்டுக் கணக்கு இல்லை, ஆள் கணக்கு. எந்தத் தேதி, எந்த இடம், எந்தப் படைப்பிரிவு என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். சோறு போடுவதற்காகவாவது ராணுவம் தலையை எண்ணி எழுதிவைத்திருக்கும். யாரும் எழுதிவைக்காத தலைகளின் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் '1917'. கதை நடப்பது அந்த ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, வட பிரான்சில். நாயகன் தொற்றிக்கொள்ளும் லாரியில் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு நடுவே தலைப்பாகையோடு ஒரு சீக்கியர் உட்கார்ந்திருப்பார். 2020 ஜனவரியில் ஓர் ஆங்கில நடிகர் இதை வலிந்து திணித்தது என்று பேசி, வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு மன்னிப்பும் கேட்டார். கேட்க வேண்டியதுதான். முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 74,000 பேருக்கும் மேல். 1914 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியவர்கள் அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். 1915 மார்ச்சில் நடந்த நியூவ் ஷப்பேல் தாக்குதலில் இறங்கிய படையில் பாதி இந்தியப் படை.

ஆனால் படமெடுத்தவர்களுக்கும் முழு மதிப்பெண் போட மாட்டேன். இந்தியக் காலாட்படை 1915 கடைசியிலேயே பிரான்சை விட்டு மெசபடோமியாவுக்குப் போய்விட்டது. 1917 ஏப்ரலில் அங்கே இருந்தது இந்தியக் குதிரைப்படை. அது 1918 தொடக்கம் வரை இருந்தது. குதிரைப்படைக்காரரைச் 'சவார்' என்பார்கள். படத்தின் நடிகர் பட்டியலில் அவர் 'சிப்பாய்', அதாவது காலாட்படை. தன் படைப்பிரிவை விட்டு ஒரே ஒரு ஆள் ஆங்கிலேயர் லாரியில் எப்படி வந்து உட்கார்ந்தார் என்பதற்கும் காரணம் கிடையாது. சாலையோரமாக ஓர் இந்தியக் குதிரைப்படை அணி கடந்துபோவதாக இரண்டு நிமிடம் காட்டியிருந்தால் வரலாறும் சரியாக இருந்திருக்கும், காட்சியும் அள்ளியிருக்கும். ஆக, இந்தியர் இருந்தது சரி, அவரை உட்கார வைத்த இடம் தவறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேல்நாட்டுப் படத்தில் இந்தியச் சிப்பாய் என்றால் எப்போதும் தலைப்பாகை கட்டிய சீக்கியர்தான். இதற்கு வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1880களில் சென்னை ராணுவத்துக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் என்கிற தளபதிக்குத் தென்னாட்டுக்காரர்கள்மேல் நம்பிக்கை இல்லை. வடமேற்கில் இருப்பவர்கள்தான் 'போர்க்குடிகள்', மதராஸிக்குப் போர்க்குணம் போய்விட்டது என்பது அவருடைய கட்சி. அந்தக் கொள்கைப்படி நம் பக்கத்துப் படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. அதற்கு 100 ஆண்டு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவில் ராஜ்ஜியம் பிடித்துக் கொடுத்ததில் பெரும்பங்கு இந்தச் சென்னைச் சிப்பாய்களுக்குத்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். இரண்டு உலகப்போரிலும் மதராஸ் சாப்பர்கள், அதாவது நம் பக்கத்து ராணுவப் பொறியாளர் படை, பாலம் கட்டினார்கள், கண்ணிவெடி எடுத்தார்கள். சினிமாவில் அவர்கள் முகம் எங்கே? இன்று 'பன்முகத்தன்மை' என்று சேர்க்கிற முகம்கூட ராபர்ட்ஸ் துரை தேர்ந்தெடுத்த முகமாகவே இருக்கிறது. எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

'டன்கிர்க்' விஷயம் சின்னது. 1939 டிசம்பரில் பிரிட்டிஷ் படைக்கு உதவியாக இந்தியாவிலிருந்து நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகள் பிரான்சுக்குப் போயின. பிரிட்டிஷ்காரர்கள் எல்லாவற்றையும் மோட்டாருக்கு மாற்றிவிட்டு, சேற்றிலும் பனியிலும் வண்டி நகராது என்பது அப்புறம் உறைத்துக் கழுதை கேட்டார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபி முஸ்லிம்கள். ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிக்கியது. மற்றவர்கள் கழுதைகளை விட்டுவிட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். 1940ல் ஜெர்மானியர் வளைத்துக்கொண்ட டன்கிர்க் கரையிலிருந்து கடல்வழியாக மீட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 3,38,000 பேர். அந்தக் கடலில் சில நூறு இந்தியர்களைக் காட்டாமல் விட்டது குறைதான், பெரிய பொய் இல்லை. கூட்டத்தைக் காட்டும் காட்சியில் நாலு பேரை நிறுத்தியிருக்கலாம். இதற்காக அந்தப் படத்தின்மேல் வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

வழக்குப் போட வேண்டிய படம் வேறு. 1957ல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'.

கும்பகோணத்தில் ஒரு தியேட்டர் காலைக் காட்சியில் என் அப்பாவோடு இதைப் பார்த்தேன். அப்போது பத்தாவது படிக்கிறேன். கைதிகள் சீட்டியடித்துக்கொண்டே முகாமுக்குள் நடந்துவரும் அந்த மெட்டு இரண்டு வாரம் என் வாயை விட்டுப் போகவில்லை. அப்பா வெளியே வந்து டீக்கடையில் நின்றவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏண்டா, இதுல நம்ம ஆளு ஒருத்தனையும் காணோமே?"

அப்பாவின் பெரியப்பா மலாயாவுக்குப் போனவர். மன்னார்குடிக்குத் தெற்கே பண்ணையாளாக இருந்து, கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். இது ஏதோ எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் டிப்போ சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தது. தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத கூலிகள், அதிலும் தலித்துகள். 1938ல் இந்திய அரசு இப்படிக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான். ரஜுலா கப்பல் பினாங்குக்கும் நாகைக்கும் வந்துபோகும்வரை கடிதமும் பணமும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கியதும் எல்லாம் நின்றது. பெரியப்பா அனுப்பிய கடைசிக் கடிதம் அதற்கு இரண்டு மாதம் முன்னால் வந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர்தான் சொன்னாராம்: "சயாமுக்குக் கொண்டுபோயிட்டாங்க." அவ்வளவுதான். எந்த முகாம், எந்த மாதம், காலராவா மலேரியாவா, ஒன்றும் தெரியாது. இறந்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்குப் படைப்பது.

சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. ஜப்பான் ராணுவம் அங்கே ஆட்களை வதைத்துப் போட்ட ரயில் பாதையில்தான் படத்தில் வரும் அந்தப் பாலம். அந்தப் பாதையின் கணக்கைச் சொல்கிறேன். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1942ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தது. வேலை செய்த பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். அவர்களில் 12,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களோடு அதே பாதையில் வேலை செய்த ஆசியக் கூலிகள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். இறந்தவர்களின் மதிப்பீடு ஆளுக்கு ஆள் மாறும். 70,000 என்பாரும் உண்டு, ஒரு லட்சத்துக்கு மேல் என்பாரும் உண்டு. எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் வெள்ளைக் கைதி ஒருவர் செத்த இடத்தில் ஆசியர் ஐந்தாறு பேராவது செத்திருக்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

படத்தில் கைதிகளாக வருகிறவர்கள் எல்லாம் வெள்ளையர். சயாமியப் பெண்கள் சிலர் சுமை தூக்கிக் காட்டுக்குள் வருவார்கள், அழகாக. பாலத்தில் கை வைத்த கூலி ஒருவர் இல்லை. நம் பக்கத்துக் கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா ஐந்து பக்கத்தில் இருப்பார், 1,000 பேருக்குச் சமைத்தவர் ஒரு பக்கத்திலும் இருக்க மாட்டார். அது மாதிரி.

இதைவிட வேடிக்கை, படம் எடுக்கப்பட்டது தாய்லாந்தில் இல்லை, இலங்கையில் கித்துல்கலையில். சுற்றுவட்டாரம் முழுக்க ரப்பரும் தேயிலையும். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நம் பக்கத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகள். கேமராவிலிருந்து கொஞ்ச தூரத்தில் அசல் ஆட்களே இருந்தார்கள்.

ஏன் விட்டார்கள்? கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர்க்கைதிக்கு எண் உண்டு, படைப்பிரிவு உண்டு, பட்டியல் உண்டு. பிழைத்து வந்த அதிகாரிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், புத்தகம் எழுதினார்கள். ரப்பர் மரம் சீவப் போன கூலிக்கு இதெல்லாம் ஏது? எழுத்து உள்ளவனுக்கு நினைவு, நினைவு உள்ளவனுக்குச் சினிமா. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. கூலிகளைக் குழியில் தள்ளி மூடினார்கள், சில இடங்களில் மொத்தமாக எரித்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் போனால் மனோராவைப் பாருங்கள்: நெப்போலியன் வீழ்ந்ததற்காக இரண்டாம் சரபோஜி கடற்கரையில் எழுப்பிய கோபுரம். ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் மண்ணில் கோபுரம் நிற்கிறது. சயாமில் செத்த நம் ஆட்களுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு செங்கல்கூட நான் பார்த்ததில்லை.

படம் செய்த இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும், அது நம்மைப் பற்றியது இல்லை என்றாலும். கதையில் ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது. ஆங்கிலேயர் வந்துதான் இடத்தையே மாற்றிச் சரியாகக் கட்டிக் காட்டுவார்கள். உண்மையில் ஜப்பானிய ரயில்வே பொறியாளர்களுக்கு வேலை நன்றாகத் தெரியும். அவர்களிடம் இல்லாதது இரக்கம், திறமை இல்லை. கொடுமை செய்தவனை முட்டாளாகவும் காட்டுவது பார்ப்பவருக்கு இதமாக இருக்கும். பிழைத்து வந்த பிரிட்டிஷ் கைதிகளுக்கே படத்தின்மேல் கோபம்: படத்தில் வரும் கர்னல் மாதிரி எங்கள் கர்னல் எதிரிக்கு ஆசையாசையாகப் பாலம் கட்டிக் கொடுத்தவர் இல்லை என்று அவர்கள் சண்டை போட்டார்கள். அசல் முகாமில் கைதிகளுக்குத் தலைமை வகித்த டூசி என்ற அந்த அதிகாரியின் பெயரைக் காக்க ஆள் இருந்தது. அவர்கள் சண்டை போட்டதால்தான் அந்தப் பிழை இன்று எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பொத்தான் தவறாக இருந்தாலே கண்டுபிடித்து எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சட்டையே இல்லாதவன் படத்தில் இல்லாமல் போனால் கண்டுபிடிக்க யாரும் இல்லை. இந்தச் சர்ச்சையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சேர்த்தது கண்ணில் படும், சண்டையும் வரும். விட்டது கண்ணிலேயே படாது.

சினிமாவின் கைவரிசை எவ்வளவு என்பதற்கு ஒரு தகவல். அசல் பாலம் மே க்லாங் ஆற்றின்மேல்தான் இருந்தது. படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் க்வாய் ஆறு எங்கே என்று கேட்கத் தொடங்கியதும், 1960ல் தாய்லாந்து அந்த ஆற்றுப் பகுதியின் பெயரையே க்வாய் என்று மாற்றிவிட்டது. படத்துக்காக ஆறு பெயர் மாறியது. ஆளைச் சேர்க்க யாரும் இல்லை.

சயாமுக்கு ஆள் பிடித்ததிலும் சினிமா உண்டு. முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாமல் போனதும் வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். இலவசப் படம் போடுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி அப்படியே ரயிலில் ஏற்றியதாகப் பிழைத்தவர்கள் சொன்ன கதைகள் உண்டு. இதிலிருந்து தப்ப ஐ.என்.ஏ.வில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் படை 1944ல் இம்பாலுக்கு வந்தபோது எதிரே நின்ற பிரிட்டிஷ் படையிலும் பெரும்பான்மை இந்தியர்தான். அதே பர்மா முனையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிவிஷன்களும் இருந்தன. இதை உள்ளபடி படமெடுத்தால் வெள்ளை முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அமெரிக்கப் படங்களைப் பற்றியும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் நாயகனின் குழுவில் கறுப்பர் இல்லாதது சரி. அன்றைய அமெரிக்க ராணுவம் நிறம் பிரித்து வைத்திருந்தது. 1948ல்தான் ட்ரூமன் அதை நிறுத்த ஆணையிட்டார். ஆனால் படத்தின் தொடக்கத்தில் வரும் ஓமஹா கடற்கரையில், நேசநாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கிய அதே நாளில், 320ஆம் பலூன் படைப்பிரிவைச் சேர்ந்த கறுப்பு வீரர்கள் குண்டுவீச்சுக்கு நடுவே விமான எதிர்ப்பு பலூன்களோடு இறங்கினார்கள். கரையைக் காட்டும் காட்சியில் அவர்கள் இருந்திருக்க வேண்டும். குழுவில் இல்லை, கரையில் உண்டு. ஆள் கணக்கு என்று நான் சொன்னது இதைத்தான்.

அப்புறம், நம்ம ஊர்ப் படங்களையும் விட முடியாது. வெள்ளைக்காரன் நம்மைக் காட்டவில்லை என்று சொல்லும் நாம் யாரை எப்படிக் காட்டுகிறோம்? 2015ல் 'பாகுபலி' பார்த்து டெல்டாவே கைதட்டியது, நானும்தான். அதில் காலகேயர் என்று ஒரு கூட்டம் வரும். உடம்பெல்லாம் கரி பூசி, பல்லை இளித்து, மனிதப் பேச்சாகவே கேட்காத ஒரு மொழியைக் கொடுத்திருப்பார்கள். அது கற்பனைக் கதை, அதில் வரலாற்றுப் பிழை தேட முடியாது. ஆனால் காட்டுமிராண்டி என்று காட்ட நினைத்ததும் கை தானாகக் கரிச்சட்டிக்குப் போகிறதே, அது எங்கிருந்து வந்த பழக்கம்? தஞ்சாவூர் வெயிலில் நாற்று நடும் யார் நிறம் அது? அந்தப் படத்தின் தமிழ் வசனத்தில் இருந்த ஒரு சாதிச் சொல்லுக்கு எதிர்ப்பு எழுந்ததும் நினைவிருக்கும். மேல்நாட்டில் நிறம் செய்கிற வேலையை இங்கே பாதி சாதி செய்கிறது. 'இனப் பிரதிநிதித்துவம்' என்ற சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் நமக்கு இந்தப் பாதி தப்பிவிடும்.

கட்டபொம்மன் காலத்துப் படங்களில் இன்னொரு பழக்கம். கம்பெனிப் படை என்றாலே வெள்ளைக்காரப் படை என்று மனதில் பதிந்துவிட்டது. 1782 பிப்ரவரியில் நம் கொள்ளிடக்கரை அன்னக்குடியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு வளைத்து முறியடித்தார். அந்தக் கம்பெனிப் படையில் வெள்ளையர் 100 பேர் அளவில். மீதி ஆயிரத்துச் சொச்சம் பேரும் சிப்பாய்கள். திப்புவின் பக்கத்திலோ பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். வெள்ளையனை எதிர்த்துத் தமிழன், தமிழனை எதிர்த்து வெள்ளையன் என்று கோடு போட்டு எடுக்கவே முடியாத சண்டை. இதை எடுக்க யாராவது முன்வந்தால் நிதி திரட்ட நானே வீடு வீடாகப் போவேன். எடுக்க மாட்டார்கள். கைதட்ட வேண்டிய பக்கம் எது என்று ரசிகருக்குக் குழப்பம் வந்துவிடும்.

உங்கள் மன்றத்துக்கு என் யோசனை: முதலில் 2006ல் வந்த பிரெஞ்சுப் படம் 'அந்தீஜென்' போடுங்கள். பிரான்சை மீட்கச் சண்டை போட்ட வட ஆப்பிரிக்க வீரர்களின் கதை. அந்த நாடுகள் விடுதலை பெற்றதும் முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தைப் பிரான்ஸ் 1959லிருந்து அப்படியே உறையவைத்திருந்தது. படம் திரைக்கு வந்த வேளையில்தான் ஜனாதிபதி சிராக் அதைப் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக உயர்த்துவதாக அறிவித்தார். நடித்தவர்களுக்கு கான் விழாவில் சேர்த்து ஒரே விருது கொடுத்தார்கள். அரசு அசைந்தது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த வாரம் க்வாய் பாலம். அது நல்ல படம், புறக்கணிக்கச் சொல்ல மாட்டேன். கர்னலாக வரும் அலெக் கின்னஸ் நடிப்புக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். இடைவேளையில் கரும்பலகையில் அந்த 60,000, 2 லட்சம் இரண்டையும் எழுதிப் போடுங்கள், பேச்செல்லாம் வேண்டாம். மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, மலாயாவுக்குப் போனவர்கள் இருந்த வீடுகளில் பழைய கடிதம், பாஸ்போர்ட், ஜப்பான்காரன் மலாயாவை ஆண்டபோது அடித்த, வாழைமரம் போட்ட நோட்டு ஏதாவது இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். திருத்துறைப்பூண்டி, நாகூர், பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் ஏதாவது கிடைக்கும்.

சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன். பெரியப்பாவின் அந்தக் கடைசிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அவருக்கு எழுதத் தெரியாது, தோட்டத்தில் யாரையோ எழுதச் சொன்னது. அனுப்பிய பணத்தில் உழவு மாடு வாங்கியாகிவிட்டதா, வாங்கியிருந்தால் என்ன நிறம் என்று கேட்டிருக்கிறார்.